கேக் அக்காவின் சுவர்

வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காலை வைக்க இடமில்லை. கூடம் முழுக்கப் படங்கள். சோபாவின் மேல், டீவியின் முன்னால், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் என்று ஓர் இடம் பாக்கி இல்லாமல் பரப்பி வைத்துவிட்டு, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி.

"ஷூவக் கழட்டிட்டு சுவர் ஓரமாவே வாங்க. அந்த நீலம் இன்னும் காயல."

பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தான். வந்தவனைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் கேட்டாள்.

"இதுல எதெது நல்லா இருக்கு, எதெது நல்லா இல்ல? சொல்லுங்க."

"எல்லாமே நல்லாத்தானே இருக்கு."

"ஏங்க, ஒரு லிஃப்டப் பார்த்துட்டு வந்து உங்க சூப்பர்வைசர்கிட்ட 'நல்லாத்தானே இருக்கு'ன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. பையை இறக்கி வைத்துவிட்டு, காய்ந்த படங்களாகப் பார்த்து ஒதுக்கி, அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

கதைக்கும் பாடப் புத்தகத்துக்கும் அறிவிப்புப் பலகைக்கும் படம் போடச் சொல்லிக்கொடுக்கிற படிப்பு அவளுடையது. அது முடிகிற நேரம். வருகிற சனிக்கிழமை ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சுவர் ஒதுக்குவார்கள். செய்து முடித்த ப்ராஜெக்டுகளை அதில் மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்று பேச வேண்டும். என்ன செய்தேன் என்று பட்டியல் போட்டால் மதிப்பெண் கிடையாது. திரும்பிப் பார்க்கும்போது எது தேறியது, எது சறுக்கியது, ஏன் என்று சொல்ல வேண்டும். படம் போடு என்றால் சோறு தண்ணீர் மறந்து போடுகிறவள், பேசு என்றதும் இப்படி எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வகுப்பில் இவளுக்குப் பெயர் 'கேக் அக்கா'. கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவர்கள். இவளோ நாற்பதைத் தொடப்போகிறவள், மேல்வகுப்பில் படிக்கும் மகள் வேறு இருக்கிறாள். பேக்கரி ஒன்றில் கேக் மேல் பெயர் எழுதுகிற வேலை. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, அதில் க்ரீமை அடைத்து, நுனியைக் கத்தரித்து, ஒரே இழுப்பில் எழுத வேண்டும். அழிக்க முடியாது, திருத்த முடியாது. ஒற்றெழுத்து விட்டுப்போனால் கேக்கே போச்சு. பெயரோடு சேர்த்துப் பூ, பந்து, கார் என்று கேட்டதைப் போட்டுக் கொடுப்பாள்.

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் தன் வயதான நாயின் புகைப்படத்தைப் போனில் காட்டி, பிறந்தநாள் கேக்கில் அதைப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தாள். மறுநாள் அவர் திரும்பக் கடைக்கு வந்து நின்றார். ஏதோ குறை என்று இவள் பயந்துபோனாள்.

"குறையெல்லாம் இல்லம்மா. வெட்டவே மனசு வரல. சுத்தி ஓரத்த மட்டும் தின்னுட்டு, நடுவுல அப்படியே விட்டுட்டோம். காலையில பார்த்தா எறும்பு. வீட்ல எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்ககிட்டச் சொல்லணும்னு தோணிச்சு."

அன்று வீட்டுக்கு வந்தவள் புருஷனிடம் சொன்னாள்: "நான் போடுறது எல்லாமே சாயங்காலத்துக்குள்ள யார் வயித்துக்குள்ளயாவது போயிடுது. ஒண்ணாவது மிஞ்சணுங்க." அந்த வருடமே படிப்பில் சேர்ந்துவிட்டாள். காலையில் பேக்கரி, மதியத்துக்கு மேல் வகுப்பு.

கீழ்வீட்டில் குடியிருக்கும் மெக்கானிக்கின் அக்காவுக்கு இது எட்டிக்காயாய்க் கசந்தது. சலவைக் கடை ஒன்றில் கவுண்டரில் நிற்பவள் அவள். புருஷன் போன பிறகு தனி ஆளாக நின்று சமாளித்தவள் என்பதால், யாரைப் பற்றியும் எதையும் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்பது அவளது முடிவு.

"டேய் தம்பி, உன் பொண்ணு காலேஜுக்குப் போற வயசுல உன் பெண்டாட்டி போறாளா? நல்ல குடும்பம்டா."

"ரெண்டு பேரும் போகட்டுமேக்கா. ஒரே டிபன் பாக்ஸ்ல கட்டிரலாம்," என்று சிரித்து மழுப்பிவிட்டான். உள்ளுக்குள் அவனுக்கும் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஆசைப்படுகிறாள், போய்ப் பார்க்கட்டும், அவ்வளவுதான்.

இப்போது கூடத்தில் கிடந்த படங்களில் முதலில் அவன் கை போனது செடி வரைந்த அட்டையின் மேல். முதல் ப்ராஜெக்ட் அது. ஜன்னலில் தெரிகிற எதையாவது வரையச் சொல்லியிருந்தார்கள். பென்சில் அவள் கைக்கு வரவே இல்லை. க்ரீம் கூம்பைப் பிழிந்து பழகிய கை, பென்சிலையும் பிழிந்தது. முனை முறிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் ரப்பரை வைத்து அழித்து அழித்து மெருகேற்ற, இவளுக்கு அழிக்கிற பழக்கமே இல்லை. கடைசியில் ஒருநாள் வகுப்பிலேயே காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டினாள். கெட்டியான பெயின்டை அதில் அடைத்தாள். அட்டையின் மேல் கையை எடுக்காமல் ஒரே ஓட்டமாக ஜன்னல் கம்பியையும் செடியையும் இழுத்துவிட்டாள். சுற்றி இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். ஆசிரியை மூக்கின் மேல் விரலை வைத்தார். கேக் அக்கா என்ற பெயர் அன்றுதான் விழுந்தது. அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கீழ்வீட்டு அக்காவே புடைத்திருந்த கோட்டை விரலால் தொட்டு, நாக்குக்குக் கொண்டுபோகப் போய்ச் சட்டென்று கையை இறக்கிக்கொண்டாள்.

"இதுல தொடங்கு. எல்லாரும் பாராட்டுனது இதத்தான்," என்றான் மெக்கானிக்.

அவள் தலையை ஆட்டினாள். "இத மாட்டவே போறதில்லங்க. எனக்கு முன்னாடியே தெரிஞ்சதத்தான் இதுல செஞ்சேன். கேக்குக்குப் பதிலா அட்டை. அவ்வளவுதான். கத்துக்கிட்டது ஒண்ணும் இல்ல."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிறதிலேயே நல்ல சரக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு யாராவது கடை திறப்பார்களா?

அடுத்தது கீழ்வீட்டு அக்காவின் முகங்கள். ஒரே ஆளைப் பல பாவனைகளில் வரைய வேண்டும் என்பது ப்ராஜெக்ட். கீழ்வீட்டிலேயே ஆள் இருக்கும்போது அலைவானேன் என்று நாத்தனாரையே பிடித்துக்கொண்டாள். அக்காவும் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கோபம், அலட்சியம், பொறாமை, கேலி என்று வரிசையாகப் போட்டு முடித்ததை அக்காவிடம் காட்டியதும் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் மூக்கு இவ்ளோ பெரிசா? வாய் என்ன, காது வரைக்கும் போகுது? தம்பி, உன் பெண்டாட்டி என்னையப் பூச்சாண்டியாப் போட்டு ஊர் முழுக்கக் காட்டப் போறாடா."

அதோடு அக்கா மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். ஆசிரியை நல்ல மதிப்பெண்ணே போட்டிருந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இவள் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தபடி இருந்ததை மெக்கானிக் கவனித்தான்.

"அண்ணி கோவப்பட்டது நியாயம்தாங்க," என்றாள் அப்போது. "இது அண்ணி இல்ல. அண்ணி மேல எனக்கு இருந்த கோவம். படிக்கப் போறேன்னதும் அவங்க சொன்னது மனசுலயே கிடந்திருக்கு. அதத்தான் வரைஞ்சிருக்கேன்."

மெக்கானிக் அந்தத் தாளைத் தானும் வாங்கிப் பார்த்தான். அவனும் அவன் அக்காவும் சண்டை போடாத நாளே கிடையாது. ஆனால் இந்த மாதிரி ஒரு சொல் அந்தக் குடும்பத்தில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை.

மறுவாரம் அவள் சலவைக் கடைக்கே போனாள். துணி வாங்கிப்போக வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து அக்காவை வரைந்தாள். முதல் நாள் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மறந்துபோய்த் தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் படங்கள்தான் இப்போது சோபாவின் மேல் வரிசையாக இருந்தன. காணாமல்போன சட்டையைத் தேடுகிற அக்கா. கறை போகவில்லை என்று சண்டைக்கு வந்தவரிடம் பேசாமல் நிற்கிற அக்கா. கடையில் கூட்டம் குறைந்ததும் ஒற்றைக் காலில் நின்றபடி மற்றக் காலின் குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொள்கிற அக்கா. அந்தக் கடைசிப் படத்தை மெக்கானிக் கையில் எடுத்துப் பார்த்தான். நாள் முழுக்க நிற்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் ஒரு நாளும் கேட்டதில்லை.

வரைந்த கையோடு அக்காவிடம் அவற்றைக் காட்டியிருந்தாள். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக் கீழே வைத்துவிட்டு, "இதுலயும் மூக்கு பெரிசுதான்," என்றாள். பிறகு ஒன்றை மட்டும் திரும்ப எடுத்து, "அந்தக் கால் பிடிக்கிறது இருக்கே, அதுக்கு ஒரு காப்பி எடுத்துக் குடு. கடையில கூட வேலை பாக்குறவளுக்குக் காட்டணும்," என்றாள். மறுநாளிலிருந்து பழையபடி மாடிப்படி ஏறினாள், பழையபடி குறையும் சொன்னாள்.

மூன்றாவது ப்ராஜெக்டில்தான் மெக்கானிக்கே சிக்கினான். ஓர் எழுத்தும் இல்லாமல், படத்தாலேயே ஒரு விஷயத்தை விளங்க வைக்க வேண்டும். எதை எடுப்பது என்று அவள் கேட்க, அவன் யோசிக்காமல் சொன்னான்: "லிஃப்ட் நின்னுபோனா என்ன செய்யணும்னு போடு. எவனுக்கும் தெரிய மாட்டேங்குது. கதவ நெம்பித் தொலைக்கிறானுங்க."

அவனுடைய தொழிலில் அவனை நடுங்க வைப்பது அது ஒன்றுதான். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்ற லிஃப்டுக்குள் இருப்பவர்கள் பொறுமை இழந்து கதவைப் பிளப்பார்கள். வெளியே குதிக்கப் பார்ப்பார்கள். லிஃப்டுக்குக் கீழே ஆழம் திறந்து கிடப்பது அவர்களுக்குத் தெரியாது.

அவள் வரைந்தாள். மணியை அழுத்துகிற ஆள். அடுத்து, ஓரமாக உட்கார்ந்து காத்திருக்கிற ஆள். கடைசியாக, கதவை நெம்புகிற ஆள், அவன் மேலும் கதவின் மேலும் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. மெக்கானிக்குக்குத் தன் கம்பெனி லிஃப்டுகளில் ஒட்டியிருப்பதைவிட இது நன்றாக இருப்பதாகத் தோன்றியது. ஆனால் அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருக்கிற ஆள் பிரார்த்தனை செய்கிறான் என்றார். எதிர்வீட்டுச் சிறுமி, அந்த மாமாவை யாரோ திட்டி மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றாள். கீழ்வீட்டு அக்காவுக்கு அவனுக்கு வயிற்று வலி என்பதில் சந்தேகமே இல்லை. அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். கடைசிப் படத்துக்கு அக்கா சொன்னதுதான் சிரிக்கிற விஷயமாக இல்லை.

"கதவு மேல குறி போட்டிருக்கே. அந்த இடத்துல கையக் குடுத்துத் தள்ளணும்னு சொல்லுது."

மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "இது வேண்டாம்ங்கிற குறிக்கா. சின்னப் புள்ளைக்குத் தெரியும். இதுகூடப் புரியலைன்னா நான் என்ன சொல்ல?"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் மனைவி. "அண்ணிக்கு அப்படித் தெரிஞ்சா இன்னொருத்தருக்கும் தெரியும். நாளைக்கு ஒரு ஆள் உள்ள மாட்டிக்கிட்டு, இதப் பார்த்துட்டு கதவத் தள்ளுனா, பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ல நீங்க இருப்பீங்களா?"

சொல்லிவிட்டுத் தாளை நான்காகக் கிழித்துப் போட்டாள். அவளுக்கு வருத்தமும் இல்லை, வீம்பும் இல்லை. கேக்கில் பெயர் தப்பாக விழுந்தால் அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறு கேக்கை எடுக்கிற மாதிரி அடுத்த வேலையைப் பார்த்தாள்.

"கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நான் பார்த்ததே இல்ல. அத எனக்குக் காட்டுறீங்களா?"

இவன் தயங்கினான். மாடி பால்கனியில் துணி காயப்போடுவதற்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் அவள். ஆனாலும் சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டு, பழுது பார்ப்பதற்காக நிறுத்தியிருந்த ஒரு கட்டடத்துக்கு அழைத்துப்போனான். மேல் மாடியில் தடுப்புக் கட்டி, தலைக்கவசம் மாட்டி, தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டுக் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே எண்ணெய் மினுங்கும் இரும்புக் கயிறுகள். அதற்குக் கீழே இருட்டு. எங்கேயோ ஆழத்தில் ஒரு சின்ன விளக்கு.

அவள் முகம் வெளுத்துப்போனது. ஒரு கையால் ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், மூடிரட்டுமா?" என்றான்.

"வேண்டாம். எனக்கு இப்ப எப்படி இருக்குதோ, அது அப்படியே படத்துல வரணும்."

பயத்தோடேயே உட்கார்ந்து வரைந்தாள். கோடுகள் கோணின, அதைச் சட்டை செய்யவில்லை. தினமும் அந்தக் குழிக்குள் தலையை விட்டு வேலை செய்கிறவன்தான் மெக்கானிக். ஆனால் அன்று அவள் பக்கத்தில் நின்று பார்த்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்கும் அந்த ஆழம் ஆழமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து போட்ட படத்தில் பெருக்கல் குறி இல்லை. கதவு பாதி பிளந்திருக்கிறது. ஓர் ஆள் ஒரு காலை வெளியே வைக்கிறான். வெளியே தரை இல்லை, கறுப்புத்தான். அந்தக் கறுப்பில் அவனுடைய செருப்பு ஒன்று தனியாக விழுந்துகொண்டிருக்கிறது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. மகளுக்குத் தேர்வு இருந்ததால் மெக்கானிக்கும் அக்காவும் மட்டும் போனார்கள். புறப்படும்போது மகள் அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினாள்: "அம்மா, 'இந்த வாய்ப்புக்கு நன்றி'ன்னு தொடங்காத. எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க."

பெரிய கூடத்தில் சுவர் சுவராகப் பிள்ளைகள் நின்றார்கள். சிலர் திரையெல்லாம் வைத்து, படங்களை அசைய வைத்து, தடங்கலில்லாமல் பேசவும் செய்தார்கள். அதையெல்லாம் பார்க்கப் பார்க்க மெக்கானிக்குக்குக் கலக்கமாக இருந்தது. இவள் சுவரில் சொன்னபடியே செடிப் படம் இல்லை. அக்காவின் முகங்கள் ஒரு வரிசையாகவும், சலவைக் கடைப் படங்கள் அதன் கீழேயும், கிழித்த லிஃப்ட் படம் ஒட்டுப் போட்டும், அதன் பக்கத்தில் செருப்புப் படமும் இருந்தன. தப்பாக வந்ததையும் சரியாக வந்ததையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மாட்டியிருந்தாள்.

முதல் சில வாக்கியங்களுக்குக் குரல் உள்ளேயே போய்விட்டது. பிறகு அவள் ஆட்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் படங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். கோபத்தை வரைந்தேன் என்று சொன்னபோது அக்கா மெக்கானிக்கின் முழங்கையை இடித்து, "என்னையத்தான் சொல்றா," என்றாள் பெருமையாக.

வெளியிலிருந்து மதிப்பிட வந்திருந்தவர் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் போடுகிற ஓர் அம்மாள். எல்லாம் கேட்டுவிட்டு, "கூம்பால போட்ட ஒரு செடிப் படம் இருக்கிறதா ஆசிரியை சொன்னாங்களே. அது எங்க?" என்றார்.

இவள் காரணத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"கத்துக்காம வந்ததுன்னு அத ஒதுக்குறீங்க. ஆனா அந்தக் கோடு வேற யாருக்கும் வராது. அத வெளியில தள்ளிட்டு மத்தத மட்டும் காட்டுறது எனக்குச் சரியாப் படல."

மெக்கானிக் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். நான் அன்றைக்கே சொன்னேனே என்று எழுந்து சொல்ல வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. அவள் தன் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நீங்க சொல்றதும் சரின்னுதாங்க தோணுது," என்றாள். "அது சுலபமா வந்துச்சு. சுலபமா வந்ததால அதுக்கு மதிப்பு இல்லன்னு நினைச்சுட்டேன். அத நான் யோசிக்கல."

அந்த அம்மாள் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

முதல் பரிசு, படங்களை அசைய வைத்த பையனுக்குப் போனது. இவளுக்கு நல்ல தேர்ச்சி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. திரும்புகிற வழியில் அக்கா பொரிந்து தள்ளினாள். "படம் ஆடுனா பரிசா? அசையாம நின்னு கால் வலிக்குதே, அத வரைய முடியுமா அவனால?" மெக்கானிக்கும் சேர்ந்துகொண்டான். இவள் மட்டும், "அந்தப் பையன் நல்லாத்தாங்க செஞ்சிருக்கான். அந்தப் பறவை திரும்பிப் பார்க்குதே, கவனிச்சீங்களா?" என்று கேட்டு இருவர் வாயையும் அடைத்துவிட்டாள்.

லிஃப்ட் படத்தை மெக்கானிக் தன் சூப்பர்வைசரிடம் கொடுத்தான். அது மேலிடத்துக்குப் போய், பார்ப்பவர்கள் பயப்படுவார்கள், செருப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டு வந்தது. பயப்படுவதற்காகத்தான் போட்டது, எடுத்தால் படமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்றுவரை பதில் இல்லை. அதற்காக அவள் காத்திருக்கவும் இல்லை.

ஆசிரியை சொல்லி, மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் இடத்திலிருந்து வேலை வந்தது. நோயாளிகள் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைப் படமாகப் போட்டுத் தர வேண்டும். காலையில் பேக்கரி, மதியம் இது. ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் படங்களுக்காக மெக்கானிக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். கதவு திறந்தேதான் கிடக்கும். படியேறி வருகிற அக்கா எட்டிப் பார்த்து, "என்னடா, செத்த கரப்பான் மாதிரி கிடக்குற?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"ஏங்க, முட்டிய மடக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரம்," என்பாள் மனைவி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். அவனுக்குத் தொடை நடுங்கும். நீட்டிய காலை மடக்காமல், அவள் கை போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பான்.